தொண்டியில் 27 பேர், வாலிநோக்கம் விலக்கில் நான் மட்டும்

2025 பிப்ரவரி முதல் வாரத்தில், தொண்டியிலிருந்து கன்னியாகுமரி வரை 5 நாள் சைக்கிள் பயணம் ஒன்றில் சேர்ந்தேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகள் மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்கு நிதி திரட்டும் பயணம் அது. தொண்டியில் 27 பேராகக் கிளம்பினோம். மூன்றாம் நாள் மத்தியானம், வாலிநோக்கம் விலக்கைத் தாண்டி, காற்று இறங்கிய சைக்கிளோடு, போனில் சார்ஜ் இல்லாமல், அடிவயிறு எரிய எரிய நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் சாயல்குடியோடு என் பயணம் முடிந்தது. போவதற்கு முன்னால் இப்படிப்பட்ட பயணங்களுக்குப் போய்வந்த நான்கைந்து பேரிடம் கேட்டேன். எல்லாரும் படங்களைக் காட்டினார்கள், நன்றாக இருக்கும், தைரியமாகப் போங்கள் என்றார்கள். கழிப்பறையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசியாக வருகிறவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளும்படி சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு 3 வருடம் டயாலிசிஸ் நடந்தது. வாரம் இரண்டு முறை விடிவதற்கு முன் காரைக்குடியில் பஸ் ஏறி மதுரைக்குப் போவோம். 4 மணி நேரம் மெஷினில் இருப்பார். வெளியே வரும்போது கால் தள்ளாடும். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் பஸ் காசு, கூடப் போகிறவரின் சாப்பாடு, ரத்தம் ஏறுவதற்குப் போடும் ஊசி, நான் போடும் லீவு, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. எங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் வாரம் இரண்டு முறையை ஒரு முறையாகக் குறைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குக் காசில்லை என்பதுதான் காரணம். கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றுபோனது. அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. போக்குவரத்துச் செலவுக்கென்றே ஒரு அறக்கட்டளை நிதி திரட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு வயது 38. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை.

கட்டணம் ₹7,500. அதுபோக ஒவ்வொருவரும் குறைந்தது ₹20,000 திரட்டித் தரவேண்டும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பார்க்கிறேன். ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள், தெருவில் தெரிந்தவர்கள் என்று 41 பேரிடம் ₹31,500 சேர்ந்தது. இதில் நான் செய்த தவறு, பெரும்பகுதியை என்னுடைய ஜிபே எண்ணிலேயே வாங்கியது. கொடுப்பவர்களுக்கு அதுதான் சுலபமாக இருந்தது. ₹5,000 கொடுத்த ஒரு பெரியவர், வருமான வரியில் காட்டுவதற்கு, நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி ரசீது கேட்டார். பணம் யார் கணக்கிலிருந்து வருகிறதோ அவர் பெயரில்தான் ரசீது தரமுடியும் என்று அறக்கட்டளையில் சொல்லிவிட்டார்கள். அது சரியான பதில்தான், நான்தான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டபோது எனக்குக் குன்றிப்போனது. நீங்கள் நிதி திரட்டினால் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கையோ கியூஆர் கோடையோ அனுப்பி, நேராக அதிலேயே போடச் சொல்லுங்கள், பான் எண்ணையும் அவர்களே கொடுக்கட்டும். ரொக்கமாக ₹2,000-க்கு மேல் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்த அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்பதைப் பெயர் கொடுக்கும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பழையதாக வாங்கினேன், கியர் வைத்த ஹைபிரிட் வண்டி, ₹16,500. ஆறு வாரம் காலையில் குன்றக்குடி போய்த் திரும்புவேன், 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அதை நன்றாகவே ஓட்டினேன் என்பதால் பயிற்சி போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பது வேறு, இன்று ஓட்டிய அதே காலோடு நாளையும் அதற்கு மறுநாளும் ஏறுவது வேறு. கிளம்புவதற்கு முன் ஒரு சனி ஞாயிறாவது இரண்டு நாளும் தொடர்ச்சியாக 50, 60 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவேண்டும். எங்கே வலிக்கிறது, எங்கே உரசுகிறது என்பது இரண்டாம் நாள்தான் தெரியும். என்ன கொண்டுவரவேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "வேன்ல எல்லாம் இருக்கு மேடம், பம்ப், டூல்ஸ், ஃபர்ஸ்ட் எய்ட் எல்லாம் வரும். நீங்க துணிமணி மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அப்படியே நம்பி, ஒரு ஸ்பேர் டியூப் மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

முதல் நாள் காலை தொண்டியில் கடலோரமாகக் கொடி அசைத்து அனுப்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்க ஆரம்பித்தோம். டீக்கடையில் நின்ற ஒரு கடல் தொழிலாளி எங்களைப் பார்த்து, "இன்னைக்கு வாடை முதுகுல தள்ளிக்கிட்டுப் போயிரும். நாளைக்கு ராமேஸ்வரம் போறப்ப மூஞ்சியில அடிக்கும், பாத்துக்கங்க" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான். காற்று முதுகில் இருந்தால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், எல்லாம் நம் காலின் பலம் என்று தோன்றும். உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோவில், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்த மாதிரி இருந்தது. தேவிபட்டினத்தில் இறங்கி, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். 45 கிலோமீட்டர் வாக்கில் ஓட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் போய்ச் சேர்ந்துவிட்டேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். இது என்னால் முடியும் என்று அழுகை வந்தது.

ஆனால் பிரச்சினை அன்றைக்கே தொடங்கிவிட்டது. கிளம்பியதிலிருந்து ராமநாதபுரம் வரும்வரை நான் சிறுநீர் கழிக்கவில்லை. 27 பேரில் 5 பேர் பெண்கள். ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு என்று ஒரு இடமும் யோசித்து வைக்கப்படவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளமும் பொட்டலும், இல்லையென்றால் சீமைக்கருவேலங்காடு. ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிகூடக் காலியாகவில்லை. மற்ற பெண்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்து பேரும் வெட்கப்பட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இதை இப்போது எந்த வெட்கமும் இல்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றாம் நாள் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே அன்றைய வழியில் பெட்ரோல் பங்க் எங்கெங்கே, பஸ் ஸ்டாண்ட் எங்கே, கோவில் தர்கா எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் கேட்டால் சாவி கொடுப்பார்கள், பெட்ரோல் போடவேண்டும் என்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, வருகிறதோ இல்லையோ, பெண்கள் எல்லாரும் சேர்ந்து நிறுத்தவேண்டும். பையில் ஒரு பழைய துப்பட்டாவும் ஒரு சின்ன சோப்பும் இருக்கட்டும். மாதவிலக்குத் தேதி பக்கத்தில் இருந்தால் கூடுதல் உள்ளாடையும் நாப்கினும் வேனில் போடும் பையில் வைக்காமல் உங்கள் முதுகுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். முழங்கால் முன்பக்கம் வலித்தது. கூட வந்த ஒரு தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு, அதான்" என்று இரண்டு விரல்கடை ஏற்றிக் கொடுத்தார். பெடலை அடியில் இறக்கி, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் சரியான உயரம். ஆறு வாரம் தாழ்ந்த சீட்டில் ஓட்டியிருக்கிறேன். முழங்காலின் முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் வலித்தால் உயரம், பெரும்பாலும் இப்படித்தான் என்றார். அன்றிரவு மண்டபத்தில் வலி மாத்திரை அட்டை கைக்குக் கை போனது. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அப்பாவின் டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்று. தெரிந்தும் போட்டேன். சிறுநீரக நோயாளிகளுக்காகக் கிளம்பிய கூட்டத்தில் ஒருவர்கூட அதைத் தடுக்கவில்லை, தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை. இதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். வலித்தால் ஐஸ் வையுங்கள், சீட்டைச் சரிசெய்யுங்கள், மறுநாள் தூரத்தைக் குறையுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

இரண்டாம் நாள் கிழக்கே திரும்பினோம், அந்தத் தொழிலாளி சொன்னது அப்படியே நடந்தது. ராமநாதபுரத்தைத் தாண்டியதிலிருந்து காற்று முகத்தில். முதல் நாள் எந்தக் கியரில் பறந்தேனோ அதில் பெடலை மிதிக்கவே முடியவில்லை. பழக்கப்பட்டவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாகப் போனார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்வார்கள். அப்படி ஒட்டி ஓட்ட எனக்குப் பயம். முன்னால் போகிற சக்கரத்தில் இடித்துவிடுவேனோ என்று தள்ளியே வந்தேன். உச்சிப்புளி வருவதற்குள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்புகள், ஒரு இளநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். குழுவாக ஓட்டுவது என்பது தனியாகக் கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு பழக்கம். ஊரில் பயிற்சி எடுக்கும்போதே ஒரு ஆளையாவது கூட்டிக்கொண்டு, ஒரு சக்கர நீளம் விட்டுப் பின்னால் ஓட்டிப் பழகுங்கள். எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், கியரைக் குறைத்துக் கால் சுலபமாகச் சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது. 1988-இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவே நின்று படம் எடுக்கும் கார்களைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டையின்மேல் பிரேக் பிடிக்காமல் நேராக ஏறி இறங்குங்கள். கீழே புதிய ரயில் பாலம் கட்டி முடித்து நின்றது, ஏப்ரலில்தான் திறந்தார்கள். பழைய 1914 பாலம் அதற்குப் பக்கத்தில். பார்க்கவேண்டும் என்று ஆசைதான், ஆனால் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காதீர்கள், ஹேண்டில்பார் கூடவே திரும்பும். பாலம் முடிந்து பாம்பனில் இறங்கி, நின்று பார்த்துக்கொண்டேன்.

தனுஷ்கோடிச் சாலையைப் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9 கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடாக, இரண்டு பக்கமும் கடல். ஒன்றை ஆண்கடல் என்றும் ஒன்றைப் பெண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 1964 டிசம்பரில் புயல் ஊரையே கொண்டுபோன இடம். இடிந்த சர்ச்சின் சுவரைத் தாண்டும்போது யாரும் பேசவில்லை. காற்றில் மணல் சாலைக்குக் குறுக்கே பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மணல் மேடு தட்டிய இடங்களில் சக்கரம் சறுக்கும், அங்கே திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. இரண்டு பேர் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாமல் போனால் கண் சிவந்துவிடும், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெள்ளைக் கண்ணாடி போதும். முனைக்குப் போனபோது மணி மூன்றரை. நிழல் இல்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் சுட்டது. ராமேஸ்வரம் திரும்பும்போது தலை கனத்தது, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். ராத்திரி சிறுநீர் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாக இருந்தது, சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு போனது. நீர்க்கடுப்பு, நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, அந்த நேரத்தில் இரண்டு லிட்டரை மொத்தமாகக் குடித்தேன். அதுவும் தவறு. இத்தனை வியர்வையில் உப்பும் போயிருக்கிறது, வெறும் தண்ணீரை அடித்தால் தலைவலியும் குமட்டலும்தான் கூடும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்கவேண்டும். ருசிக்காக அளவை மாற்றக்கூடாது.

மூன்றாம் நாள்தான் நீளமான நாள், ராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடி வரை 120 கிலோமீட்டர் வாக்கில் என்று சொல்லியிருந்தார்கள். காற்று மறுபடி முதுகில். எல்லாரும் பறந்தார்கள். நான் ராமநாதபுரத்தில் டிபனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். இரண்டு வேனில் ஒன்று முன்னால் போயிருந்தது, இன்னொன்று முந்தின நாள் தனுஷ்கோடியில் விழுந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. அங்கேயே நின்றிருக்கவேண்டும். 41 பேரிடம் காசு வாங்கியிருக்கிறேனே, கன்னியாகுமரி வரை போகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே என்ற எண்ணம்தான் தள்ளியது. திருப்புல்லாணி, கீழக்கரை தாண்டி ஏர்வாடி முக்கு ரோட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. கீழக்கரையில் ஒரு வீட்டு வாசலில் நிழலுக்கு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்மா வெளியில நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கூட்டிப்போய்க் கழிப்பறையைக் காட்டினார். நான் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. அந்தச் சாலை முழுக்க எத்தனையோ வீடுகள் இருந்தன, முதல் நாளே ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

ஏர்வாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் பஞ்சர். என்னோடு இருந்த ஒருவர் தன்னுடைய கைப் பம்பை வைத்து ஐந்தே நிமிடத்தில் என் ஸ்பேர் டியூபை மாற்றிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு இடத்தில் பார்ப்போம் என்று போனார். மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன், வாலிநோக்கம் விலக்கைத் தாண்டியதும் அதே சக்கரம் மறுபடி இறங்கியது. காரணம் சாயங்காலம்தான் தெரிந்தது. சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து, நுனி ஒடிந்து உள்ளேயே நின்றிருக்கிறது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அதையும் குத்தும். ராமநாதபுரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்: டியூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்துச் சுற்றித் தேயுங்கள், துணி மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை விடாதீர்கள், கிழித்துவிடும். கரி மூட்டம் போடுகிறவர்கள் வெட்டிய கட்டைகளை ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து முள் விழுந்து சாலையின் ஓரத்தில்தான் சேர்ந்து கிடக்கும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் ஓட்டாமல், கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே ஓட்டினால் பாதி முள் குறையும். நான் லாரிக்குப் பயந்து மூன்று நாளும் கோட்டுக்கு வெளியேதான் ஓட்டினேன்.

போனைப் பார்த்தால் 4 சதவீதம். வழிகாட்டும் ஆப் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்பாட்டாளருக்கு இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இடத்தை அனுப்பினேன், படங்களுக்கு நடுவே அது மேலே போய்விட்டது. போன் அணைந்தது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வேன் வரும், வராமல் இருக்காது என்று நம்பினேன். வரவில்லை. யாருடைய கணக்கிலும் நான் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் போனவர்கள் நான் வேனில் இருப்பதாக நினைத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் இருந்தவர்கள் நான் முன்னால் போனதாக நினைத்தார்கள். பயமாக இருந்தது, கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. நின்றால் மயக்கம் வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

மூன்று கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு ஓலைக் கொட்டகை டீக்கடை. அங்கிருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். "என்ன தாயி, மொகமெல்லாம் கருத்துப்போய்க் கெடக்கு, உக்காரு மொதல்ல" என்றவர் டீ போடவில்லை. பானையிலிருந்து நீச்சத்தண்ணியை ஊற்றி, உப்பைப் போட்டுக் கலக்கி, இரண்டு சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார். அரை மணி நேரத்தில் கண் தெளிந்தது. அப்புறம் அவரே யாருக்கோ போன் போட்டு, பஞ்சர் ஒட்டும் ஒரு பெரியவரை டிவிஎஸ்ஸில் வரவழைத்தார். அவர் முள்ளை எடுத்தார், டியூபை உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினார், பத்து நிமிட வேலை. பம்பை எடுத்து வால்வைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது என்ன தாயி, ஊசி மாதிரி வாயி. இதுக்கு எங்கிட்ட மூக்கு இல்லையே" என்றார். என் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு. மெல்லியதாக, தலையில் ஒரு திருகோடு இருக்கும். ஊர்ப் பம்பும் பங்கில் உள்ள காற்றுக் குழாயும் அதில் பிடிக்காது. ஊர் டியூபை வாங்கிப் போடலாம் என்றால் அதன் அளவும் வேறு, என் ரிம்மில் உள்ள ஓட்டையும் சின்னது, அந்த வால்வு நுழையாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு, நகரத்துச் சைக்கிள் கடையில் 40 ரூபாய்க்குக் கொடுப்பார்கள். அதை வால்வின்மேல் திருகிவிட்டால் எந்தப் பங்கிலும் காற்று பிடிக்கலாம். அது என்னிடம் இல்லாததால், ஒட்டிய டியூபோடு சைக்கிளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, ₹400 கொடுத்துச் சாயல்குடி போனேன். பெரியவர் ஒட்டியதற்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த அம்மா காசு வாங்கவில்லை.

சாயல்குடியில் இறங்கியபோது மணி ஆறு. "எங்க மேடம் போனீங்க, எல்லாரும் சாப்ட்டாச்சு" என்று ஒருவர் கேட்டார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது, முதுகின் ஒரு பக்கம் விலாவுக்குக் கீழே வலி. தங்கியிருந்த பெண்கள்தான் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். சிறுநீர்ப் பாதை தொற்று சிறுநீரகத்தின் பக்கம் ஏற ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தால் அட்மிட் ஆகவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். வெறும் எரிச்சல் இருக்கும்போதே டாக்டரிடம் போங்கள். எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் அந்த மணி நேரமே போங்கள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கிச் சமாளிக்காதீர்கள். அப்பா படுத்திருந்த கட்டில் கண்முன்னால் வந்துபோனது.

மறுநாள் காலை ஏற்பாட்டாளரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை, சொந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், மன்னிப்பும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள் என்று கூடப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். ஆனாலும் நல்ல மனது மட்டும் போதாது. காசு கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். எல்லாருக்கும் பின்னால் ஓட்டிக்கொண்டு வரப்போகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அப்படி ஒருவர் இல்லை. வேன் எத்தனை, ஒரு வேன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆட்களை எண்ணுவார்கள், போனை எடுப்பதற்கென்றே வண்டி ஓட்டாத ஒருவர் இருக்கிறாரா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கெங்கே. இதைக் கேட்டால் சங்கடப்படுவார்களோ என்று நினைக்காதீர்கள். ஏற்பாட்டாளரின் எண்ணையும் வீட்டில் ஒருவர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அந்த டீக்கடை அம்மாவின் போனை வாங்கியபோது ஏற்பாட்டாளர் எண் எனக்கு நினைவில் வரவில்லை. என் தம்பி எண் மட்டும்தான் மனப்பாடம்.

கட்டணம் ₹7,500, கையுறை, பஞ்சு வைத்த கால்சட்டை எல்லாம் சேர்த்து ₹1,650, லோடு ஆட்டோ ₹400, கிளினிக்கும் பரிசோதனையும் மாத்திரையும் ₹1,180, தம்பி அடுத்த ஞாயிறு வண்டி பிடித்து வந்து சைக்கிளை ஏற்றிப்போனதற்கு டீசல் ₹1,500, சம்பளப் பிடித்தம் ₹3,900. ₹16,000 தாண்டிவிட்டது, சைக்கிள் விலை தனி. நிதி கொடுத்த 41 பேருக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன், கன்னியாகுமரி வரை போகவில்லை, விருப்பம் இருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று. யாரும் கேட்கவில்லை. ₹31,500-ம் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயல்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை எனக்கு மீதம் இருக்கிறது. அந்த ஐந்து பெண்களில் இரண்டு பேர் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இல்லை, காலை பதினொன்றுக்கு நிறுத்திவிடுவோம். ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு கைப் பம்ப், ஒரு பித்தளை அடாப்டர் வாங்கியாகிவிட்டது. போகிற வழியில் அந்த ஓலைக் கொட்டகையில் இறங்கவேண்டும்.